நான்கு வாளித் தக்காளி

தக்காளி வளர்க்க வாளி தேடுகிறவர்கள் கறுப்பு வாளியை எடுக்கக் கூடாது, டாக்டர். கறுப்பு, வெயிலை இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே இலை பச்சைப் பசேலென்று இருக்கும்போதே உள்ளே வேர் வெந்துகொண்டிருக்கும். என்னுடையவை நான்கும் வெள்ளை. எங்கள் கட்டடத்தின் மாடிப்படிக்கு வண்ணம் அடித்தவர்கள் விட்டுப்போன இருபது லிட்டர் பெயின்ட் வாளிகள். கழுவிக் காயவைத்து, அடியில் ஓட்டை போடாமல், அடியிலிருந்து இரண்டு விரல் மேலே பக்கவாட்டில் ஆறு ஓட்டை போட்டேன். அப்படிப் போட்டால் அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கும். மேல்மண் காய்ந்தாலும் வேர் கீழே இறங்கிக் குடித்துக்கொள்ளும்.

நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்றால் வாளிதான். என் கணவர் உங்கள் வார்டில் படுத்திருக்கிறார். அவருடைய இதயம் எத்தனை நாள், எவ்வளவு நேரம் மூச்சில்லாமல் உழைத்தது என்று சரியாகத் தெரிந்தால்தான் மேற்கொண்டு வைத்தியம் என்றீர்கள். எண்கள் விஷயத்தில் என்னை நீங்கள் முழுதாக நம்பலாம். இருபத்தாறு வருடம் ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள் நான். குடுவை கழுவுவது, அமிலம் அளப்பது, உடைந்ததை எழுதி வைப்பது என் வேலை. போன வருடம் அந்த அறையைக் கணினி அறையாக்கிவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வரும்போது ஒரு ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

செடிகள் நன்றாகவே வந்தன. எங்கள் வீடு மூன்றாம் மாடி. பால்கனி முழுக்கப் புறா வராமல் இருக்க நெருக்கமான வலை போட்டிருக்கிறோம். பால்கனிக்கும் ஹாலுக்கும் நடுவில் இரும்புக் கம்பி போட்ட ஒரு பெரிய ஜன்னல். அந்தக் கம்பியில் கயிறு கட்டிச் செடிகளைத் தூக்கி நிறுத்தினேன். இடுப்பளவு வளர்ந்தன. கொத்துக் கொத்தாகப் பூத்தன. பூத்த மூன்றாம் நாள் காம்பின் நடுவில் இருக்கும் சின்ன முட்டி மஞ்சளாகும். நான்காம் நாள் பூ தரையில் கிடக்கும். ஐந்து வாரத்தில் நூற்று எண்பத்து மூன்று பூக்களைப் பெருக்கி எடுத்தேன். காய் ஒன்றுகூட இல்லை.

என்ன செய்தும் பிடிபடவில்லை. தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன். நடுப்பகல் வெயிலுக்கு வேட்டி கட்டி மறைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும்தான் மாற்றினேன். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.

என் கணவர் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புக்காரர். ஆறு வருடமாக இரவு வேலை. காலை ஏழு மணிக்கு வருவார், குளிப்பார், சாப்பிடுவார், ஒன்பதுக்குப் படுத்தால் மூன்றுக்குத்தான் எழுந்திருப்பார். நான் துடைப்பத்தோடு பால்கனியிலிருந்து வருவதைப் பார்த்து ஒருநாள் சொன்னார்: "ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? அதைத் தக்காளின்னு நினைச்சாத்தானே கவலை. பூச்செடின்னு நினைச்சுக்கோ. நல்லாத்தான் பூக்குது."

நல்ல மனிதர். அதை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன்.

ஆறாவது வாரம் படுக்கையறைக்கு வண்ணம் அடித்தோம். கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து போட்டோம். வேறு இடமில்லாததால் அதன் தலைமாட்டுப் பலகை ஜன்னல் கம்பியை ஒட்டி நின்றது. நான்கு நாள் அவர் அங்கேதான் தூங்கினார். ஐந்தாம் நாள் காலை, ஜன்னலை ஒட்டியிருந்த முதல் வாளியில் ஏழு காய்களைப் பார்த்தேன். மிளகளவு, பச்சையாக, பூவின் வாடிய தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு. மற்ற மூன்று வாளிகளிலும் வழக்கம்போல ஒன்றுமில்லை.

முட்டை ஓடு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் முட்டை ஓட்டை நான்கு வாளிக்கும் சமமாகப் போட்டிருந்தேன். செடியின் முன் உட்கார்ந்து யோசித்தபடி ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். கம்பி நடுங்கிக்கொண்டிருந்தது. விட்டேன், மறுபடி பிடித்தேன். உள்ளே அவர் மூச்சை இழுத்தால் கம்பி நடுங்கியது, விட்டால் நின்றது. அவருடைய குறட்டை பலகையில் ஏறி, பலகையிலிருந்து கம்பிக்கும், கம்பியிலிருந்து கயிற்றுக்கும், கயிற்றிலிருந்து செடிக்கும் போய்க்கொண்டிருந்தது. ஒரு கறுப்பு அட்டையை எடுத்துவந்து பூங்கொத்துக்குக் கீழே பிடித்தேன். அவர் ஒரு நீண்ட குறட்டை விட்டார். அட்டையில் மஞ்சள் தூள் விழுந்தது.

தக்காளிப் பூ எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. அது ஒரு உப்புக் குப்பி. சாப்பாட்டு மேசையில் வைப்போமே, தலையில் ஓட்டை போட்டது, அதேதான். பூவின் நடுவில் இருக்கும் மஞ்சள் கூம்புக்குள் மகரந்தம் அடைபட்டிருக்கும், நுனியில்தான் வழி. ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள் இருப்பதால் வெளியிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. குப்பியை யாராவது குலுக்க வேண்டும், அவ்வளவுதான். தோட்டத்தில் காற்று குலுக்கும். சில வகைத் தேனீக்கள் பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவிடும். எங்கள் பால்கனியில் வலை போட்டு இரண்டையும் வெளியே நிறுத்தியிருந்தோம். மகரந்தம் பொலபொலவென்று இருப்பது காலை பத்திலிருந்து பகல் இரண்டுவரை. அவர் அயர்ந்து தூங்குவதும் அதே நேரம். இதை நான் ஏற்பாடு செய்யவில்லை, டாக்டர். அது தானாக அமைந்தது. அமைந்ததைக் கெடுக்காமல் இருந்தேன்.

வண்ணம் காய்ந்ததும் கட்டிலை உள்ளே போடலாம் என்றார். "பெயின்ட் வாசனை நெஞ்சுக்கு ஆகாது. இன்னும் ஒரு வாரம் போகட்டும்" என்றேன். ஒரு வாரம் கழித்தும் அதையே சொன்னேன். மூன்றாவது வாரம் அவர் கேட்கவில்லை. அவர் உடம்பின் மேல் நான் காட்டிய அக்கறையை அவர் தொழிற்சாலையில் சொல்லிப் பெருமைப்பட்டதாகக் கேள்வி.

பிறகு மற்ற மூன்று வாளிகளைச் சேர்த்தேன். கயிறு அதிர்வை வழியிலேயே விழுங்கிவிடுகிறது. துணி காயப்போடும் இரும்புக் கம்பி விழுங்குவதில்லை. பலகையிலிருந்து ஒவ்வொரு வாளிக்கும் விறைப்பாக ஒரு கம்பி இழுத்தேன். அவர் ஒருக்களித்துப் படுத்தால் சத்தம் பாதியாகக் குறைந்தது. அதனால் இரண்டு பக்கமும் நீளத் தலையணை தைத்து வைத்தேன். புரள முடியாமல் மல்லாந்து படுத்தார். "என்ன இது, குழந்தைக்குத் தொட்டில் கட்டின மாதிரி?" என்று கேட்டார். "விழுந்திடாம இருக்கத்தான்" என்றேன். தலையணையை உயரமாக வைத்தால் தாடை நெஞ்சில் இடித்து, தொண்டை மடங்கி, சத்தம் கனமாக வந்தது. உயரமாக வைத்தேன். கழுத்தில் சதை போட்டால் இன்னும் நல்லது என்பது போகப் போகத் தெரிந்தது. காலையில் அவருக்கு இரண்டு மடங்காகப் பரிமாறினேன், நெய் சேர்த்து. நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ ஏறினார். "கல்யாணமான புதுசுல கூட நீ இப்படிக் கவனிச்சதில்லையே" என்றார். அது உண்மைதான்.

இப்போது நீங்கள் கேட்கும் இடத்துக்கு வருகிறேன். மூச்சு நின்ற நேரங்கள்.

தொண்டைச் சதை தளர்ந்து வழியை மூடும். நெஞ்சு இழுக்கும், காற்று போகாது. கடைசியில் மூளை பதறிப்போய் உடம்பை உலுக்கும். ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். உங்களுக்கே இதைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் உங்கள் புத்தகங்களில் இல்லாத ஒன்றை நான் பார்த்தேன். அந்த உறுமலுக்குச் சமமாக மகரந்தத்தைக் கொட்ட வைத்தது வேறு எதுவுமில்லை. சாதாரணக் குறட்டைக்கு முதல் இரண்டு வாளிதான் அதிரும். உறுமலுக்கு நான்கும் அதிரும். பத்து வினாடி நின்றால் வரும் உறுமல் சிறியது. இருபத்தைந்து வினாடி நின்றால் வருவதில் பூ மட்டுமல்ல, வாளியே ஒரு ஆட்டம் ஆடும். ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு நிறுத்தத்தையும் குறித்தேன். தேதி, மணி, வினாடி, எந்தக் கொத்து, எத்தனை காய். உங்கள் மேசையில் இருக்கும் நீல அட்டை நோட்டு அதுதான். மணிக்குச் சராசரி முப்பத்தெட்டு நிறுத்தம். மிக நீண்டது, கடைசி நாளை விட்டுவிட்டால், ஐம்பத்திரண்டு வினாடி. நூற்று முப்பத்தேழு நாள், நாளுக்கு நான்கரை மணி நேரம், அவர் பக்கத்தில் இருந்து எழுந்ததில்லை. புருஷனைக் கவனிக்காதவள் என்று மட்டும் என்னை யாரும் சொல்ல முடியாது.

காய்த்தது இருநூற்றுப் பதினெட்டு. நாங்கள் இரண்டு பேர் எவ்வளவு தின்போம்? கட்டடம் முழுக்கக் கொடுத்தேன். கீழ்வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குக் கைராசிக்கா" என்றாள். நான் மறுக்கவில்லை. உங்களுக்கும் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தேன். கடைத் தக்காளி மாதிரி சவசவவென்று இல்லை, புளிப்பு தூக்கலாக இருக்கிறது என்று சொன்னீர்கள். குற்றம் சுமத்த அதைச் சொல்லவில்லை. முழுமைக்காகச் சொல்கிறேன்.

அவருக்கு அந்த நாட்களில் எழுந்ததும் தலை வலிக்கும். பேசிக்கொண்டே கண் சொருகும். பஸ்ஸில் தூங்கிப்போய்க் கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவார். அடுப்பின் முன் நின்றபடியே தூங்கியதில் மூன்று முறை ரொட்டி தீய்ந்துபோனது. அங்கே அவருக்குக் கரி மாஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் என்றேன்.

என் நாத்தனார் மட்டும் வராமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் போயிருக்கும். அவள் பஸ் கண்டக்டர். குரலும் அதற்குத் தகுந்த குரல். ஒரு பகல் வேளையில் தக்காளி வாங்கிப்போக வந்தாள். ஹாலில் நுழையும்போது அவர் முப்பதாவது வினாடியில் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்தாள், நெஞ்சைப் பார்த்தாள், பையைக் கீழே போட்டாள்.

"அண்ணி! அண்ணன் மூச்சு விடலை!"

"இரும்மா. இன்னும் எட்டு வினாடி இருக்கு."

சொன்னபடி எட்டாவது வினாடியில் உறுமினார். நான்கு வாளியும் ஆடின. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். என் கணிப்பு சரியாக இருந்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவரை எழுப்பி, சட்டையை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து உங்களிடம் இழுத்துக்கொண்டு வந்தாள். நானும் பின்னால் வந்தேன். "இந்தம்மா பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாக்குது டாக்டர்" என்று அவள் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. என்னைப் பார்த்து அனுதாபமாகப் புன்னகைத்தீர்கள்.

நீங்கள் கொடுத்த இயந்திரம் அருமையான இயந்திரம். சின்ன மோட்டார், ஒரு குழாய், முகத்தில் ஒரு மூடி. காற்றை மெல்ல அழுத்தி அனுப்பி, தொண்டை மூடாமல் முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. இவ்வளவு எளிய யோசனை யாருக்கு முதலில் தோன்றியதோ என்று இரண்டு நாள் வியந்துகொண்டிருந்தேன். "தூங்கும்போது இதைக் கழட்டாம பாத்துக்கிறது உங்க பொறுப்பு" என்று என்னிடம்தான் சொன்னீர்கள். முதல் பத்து நாள் அப்படியே செய்தேன். அவர் முகம் தெளிந்தது. பஸ்ஸில் விழித்துக்கொண்டு வந்தார். "தலை இவ்ளோ லேசா இருக்கும்னே மறந்துபோச்சு" என்றார். ஹால் அமைதியாக இருந்தது. கம்பிகள் அமைதியாக இருந்தன. பத்து நாளில் நாற்பத்தொரு பூ உதிர்ந்தது. துடைப்பத்தை மறுபடி எடுத்தேன்.

பதினோராம் நாள் பத்து மணிக்கு மூடியை எடுத்தேன்.

முழுதாக எடுத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒன்பதிலிருந்து பத்து வரைக்கும், இரண்டரையிலிருந்து மூன்று வரைக்கும் போட்டுத்தான் விட்டேன். விழிக்கும்போது முகத்தில் மூடி இருக்கும்; அவருக்கு எதுவும் தெரியாது. அவருக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். தெரியாது. இயந்திரத்துக்குத்தான் தெரிந்தது. மூடியிலிருந்து காற்று சும்மா வெளியேறினால் அது கீச்சுக் கீச்சென்று கத்தும். அதற்காக ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைக் காலி செய்து, அதன் வாயில் மூடியை வைத்து, சுற்றிலும் பிசைந்த மாவு பூசி அடைத்தேன். கத்தல் நின்றது.

ஒரு மாதம் கழித்து, இயந்திரத்தில் மூச்சைப் பதிவு செய்யும் சின்ன அட்டையை எடுத்துக் கணினியில் செருகிப் பார்த்தீர்கள். வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இது சொல்றதை நம்பினா, உங்க வீட்டுக்காரர் தினமும் பத்து மணிக்கு செத்துப்போய் ரெண்டரைக்கு உயிரோட எழுந்திருக்கிறார்" என்றீர்கள். அவரே விழுந்து விழுந்து சிரித்தார். இயந்திரத்தில் கோளாறு இருக்கலாம் என்று வேறொன்று கொடுத்தீர்கள். தவறு இயந்திரத்தில் இல்லை, என் கேனில்தான் என்று எனக்குப் புரிந்தது. கேன் மூச்சு விடுவதில்லை.

ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பையை வாங்கி, ஒரு குழாய் வைத்துக் கேனோடு இணைத்தேன். பையைக் காலடியில் போட்டு மிதித்தால் கேன் மூச்சை விடும்; காலை எடுத்தால் இழுக்கும். நிமிடத்துக்குப் பதினான்கு. கையில் ஸ்டாப்வாட்ச், மடியில் நோட்டு, காலுக்குக் கீழே ரப்பர் பை. இடது பக்கம் அவர், வலது பக்கம் கேன். நான்கரை மணி நேரத்துக்கு மூவாயிரத்து எழுநூற்று எண்பது மிதி. முழங்கால் வீங்கிவிட்டது. போன மாதம் உங்களிடம் மூட்டு வலிக்கு ஏதாவது தைலம் கேட்டேனே, அது இதனால்தான்.

நீங்கள் அதையும் பிடித்துவிட்டீர்கள். "மனுஷங்க இவ்ளோ சீரா மூச்சு விட மாட்டாங்களே. ஒரு இருமல் இல்ல, ஒரு பெருமூச்சு இல்ல" என்று நெற்றியைச் சுருக்கினீர்கள். அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு மணிக்கு இரண்டு பெருமூச்சு சேர்த்தேன்.

கடைசி நாள் வியாழக்கிழமை. முதல் வாளியில் மூன்று கொத்து ஒரே நேரத்தில் விரிந்திருந்தது. வெயில் நன்றாக இருந்தது, காற்றில் ஈரமில்லை. பதினொன்று இருபதுக்கு அவர் மூச்சு நின்றது. நாற்பது வினாடி ஆனது. ஐம்பத்திரண்டைத் தாண்டியபோது, பொய் சொல்லவில்லை, எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. இதற்கு முன் அப்படியொரு நிறுத்தத்தை நான் பார்த்ததில்லை. அது முடியும்போது வரப்போகும் உறுமலை நினைத்துப் பார்த்தேன். கறுப்பு அட்டையை எடுத்துவரலாமா என்றுகூட யோசித்தேன். எழுபது. அவர் உதடு நீலமாக ஆரம்பித்தது. எண்பது. நெஞ்சு இழுப்பதை நிறுத்தியது. அதுவரை ஒருமுறைகூட அது நின்றதில்லை. என் கால் மட்டும் நிற்கவில்லை. நிமிடத்துக்குப் பதினான்கு. பக்கத்தில் கேன் நிதானமாக, சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

தொண்ணூற்று ஆறாவது வினாடியில் ஸ்டாப்வாட்சைக் கீழே வைத்தேன். அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். கன்னத்தில் அறைந்தேன். தலையணைகளை இழுத்துப் போட்டு அவரை ஒருக்களித்துத் தள்ளினேன். எத்தனை வினாடியில் மூச்சு வந்தது என்று எனக்குத் தெரியாது. இந்த வாக்குமூலத்தில் என்னால் கொடுக்க முடியாத எண் அது ஒன்றுதான். வந்தது, ஆனால் உறுமலாக வரவில்லை. ஒரு குழந்தை விசும்புவது போல, மிகச் சின்னதாக வந்தது. எந்தச் செடியும் அசையவில்லை.

ஆம்புலன்ஸை நான்தான் கூப்பிட்டேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவருக்கு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போன நாத்தனார் கம்பிகளைப் பார்த்திருக்கிறாள், கேனைப் பார்த்திருக்கிறாள், நோட்டையும் எடுத்து வந்துவிட்டாள். வார்டு வாசலில் என்னை நிறுத்தினாள். அவ்வளவு பெரிய குரல்காரி, மிக மெதுவாகப் பேசினாள்.

"முப்பது வருஷமா பஸ்ல ஜேப்படிக்காரங்களைப் பாத்திருக்கேன் அண்ணி. மாட்டிக்கிட்டா ஒருத்தனாவது கண்ணைத் தாழ்த்துவான். நீங்க என்னன்னா, கால் வலிக்குதுன்னு பெஞ்சுல உக்காந்திருக்கீங்க."

கால் வலித்தது. அதனால் உட்கார்ந்திருந்தேன்.

அவரைப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தீர்கள். நாத்தனார் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தாள். திட்டுவார் என்று நினைத்தேன். மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நெசமாவா? என் குறட்டையிலயா அவ்வளவும் காய்ச்சுது?"

"ஆமா."

"அட, சொல்லியிருக்கக் கூடாதா? முழிச்சிருக்கும்போதே செடி பக்கத்துல நின்னு ஒரு மணி நேரம் உறுமிட்டுப் போயிருப்பேனே." மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "உனக்குத்தான் எம்மேல கோபமே வராதே" என்றார்.

கோபத்தில் செய்தீர்களா என்று நீங்களும் கேட்டீர்கள். இல்லை. முப்பத்தொரு வருடம் அவர் பக்கத்தில் படுத்திருக்கிறேன். இரவு வேலைக்கு அவர் மாறும்வரை, இருபத்தைந்து வருடம், ஒரு ராத்திரிகூட இரண்டு மணி நேரத்துக்கு மேல் நான் தொடர்ந்து தூங்கியதில்லை. ஆய்வகத்தில் நின்றபடியே தூங்கி, குடுவைகளைக் கைநழுவ விட்டு, உடைந்தவை பட்டியலில் என் பெயரையே எழுதியிருக்கிறேன். கழுத்தில் தட்டிச் சொன்னால் திரும்பிப் படுத்து, "நானா? நான் எப்போ குறட்டை விட்டேன்?" என்பார். காலையில் அதை நினைவில் வைத்திருக்க மாட்டார். இதையெல்லாம் ஒரு நாளும் நான் குறையாகச் சொன்னதில்லை. அந்தச் சத்தத்தால் ஒரு உபயோகம் இருக்கிறது என்று தெரிந்தபோது மனது நிறைந்தது, அவ்வளவுதான். வீணாகப் போன ஒன்று வீணாகவில்லை என்று தெரிந்தால் யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். நான் செய்தது எல்லாமே தக்காளிக்காகத்தான்.

கடைசியாக, தக்காளி காய்ப்பதற்கு வேறு வழியே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். அதை நீங்கள் கோபத்தில் கேட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி, பதிலும் எளிது.

பூ விரிந்த இரண்டாம் நாள், காலை பத்துக்கும் பகல் இரண்டுக்கும் நடுவில், பூங்கொத்தின் காம்பை விரல் நுனியால் இரண்டு தடவை சுண்டிவிட வேண்டும். மறுநாளும் அதேபோல ஒருமுறை. ஒரு கொத்துக்கு மூன்று வினாடி ஆகும். நான்கு வாளிக்கும் சேர்த்து ஒன்றரை நிமிடம். கம்பி வேண்டாம், கட்டில் வேண்டாம். பத்துப் பூவில் ஒன்பது காயாகும். அவருடைய குறட்டைக்கு ஆறுதான் ஆனது. கறுப்பு அட்டையில் மகரந்தம் விழுந்த மறுநாளே நான்காவது வாளியில் செய்து பார்த்துவிட்டேன். வேலை செய்கிறது.